பென் டிரைவ் லினக்ஸ் ஒத்திகை அல்ல

லினக்ஸ் தெரிந்தவர்களிடமே அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "லைவ் யுஎஸ்பி சும்மா போட்டுப் பார்க்கத்தான். பிடித்திருந்தால் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட வேண்டும்." சர்வீஸ் கடையில் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள். விண்டோஸ் படுத்துவிட்ட கணினியிலிருந்து கல்யாண போட்டோக்களை மீட்க அது உதவும், அதோடு சரி. கல்லூரி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவருக்கோ அது மாணவர்கள் செய்யும் விளையாட்டு. மூவரும் வேறு வேறு இடத்திலிருந்து பேசினாலும் தீர்ப்பு ஒன்றுதான்: பென் டிரைவிலிருந்து ஓடும் இயங்குதளம் மெதுவானது, சீக்கிரம் கெட்டுப்போவது, நம்பி வேலை செய்யத் தகாதது.

இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. சொந்தமாக ஒரு நல்ல லேப்டாப்பும் அதில் எஸ்எஸ்டியும் வைத்திருப்பவர் தாராளமாக நிறுவிக்கொள்ளட்டும். அவரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் பத்துப் பேர் மாறி மாறி உட்காரும் கணினி, பத்து வயதைத் தாண்டிய கணினி, பழுது பார்க்க ஆளில்லாத கணினி என்று நம்மைச் சுற்றி ஏராளமாக இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் எடை குறைந்த லைவ் இமேஜ்தான் முதல் தெரிவாக இருக்க வேண்டும். அதைக் கடையிலிருந்து வாங்குவதுபோல ஆயத்தமாக எடுக்காமல், தேவைக்கேற்ப நாமே கட்டிக்கொள்ளவும் வேண்டும்.

"போட்டுப் பார்க்கத்தான்" என்ற எண்ணம் தொழில்நுட்பத்திலிருந்து பிறக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கிளவுஸ் க்னாப்பர் க்னாப்பிக்ஸ் என்ற லைவ் லினக்ஸை வெளியிட்டபோது, தன் கருவிகளைக் கையோடு கொண்டுபோய் எந்தக் கணினியிலும் வேலை செய்வதே அதன் நோக்கம். 700 எம்பி குறுந்தகட்டில் ஏறக்குறைய 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி அடைத்திருந்தார். அவருடைய மனைவி ஆட்ரியானே க்னாப்பர் பார்வைக் குறைபாடு உள்ளவர். திரையைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டே வேலை செய்யும்படி ஒரு பேசும் கணினிச் சூழல் அவருடைய பங்களிப்போடு உருவானது. அவர் பெயரையே தாங்கி அது க்னாப்பிக்ஸில் இடம்பெற்றது. இதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பார்வையற்ற ஒருவர் நூலகத்துக்கோ அலுவலகத்துக்கோ போனால், அங்குள்ள கணினியில் திரைவாசிப்பான் இருக்கிறதா, அதை ஏற்ற யாராவது அனுமதி தருவார்களா என்று காத்துக் கிடக்க வேண்டும். தன் பேசும் கணினியைப் பையில் வைத்திருப்பவருக்கு, அந்தக் கணினியைப் பென் டிரைவிலிருந்து துவக்க விட்டாலே போதும். இதை ஒத்திகை என்று சொல்ல எனக்கு நா எழாது.

பிறகு என்ன ஆயிற்று? 2006இல் உபுண்டு 6.06 வந்தது. லைவ் தகட்டுக்குள்ளேயே ஒரு வரைகலை நிறுவியை வைத்தார்கள். தகட்டைப் போட்டால் மேசைத்திரை வரும், அதில் 'நிறுவு' என்றொரு ஐகான் இருக்கும். அந்தத் தகடுகள் இலவசமாக அஞ்சலில் உலகமெங்கும் போயின. ஒரு தலைமுறையே லினக்ஸை அப்படித்தான் முதலில் பார்த்தது. வீட்டுக்குள் போகும் வழியாக ஒரு நிறுவனம் லைவ் முறையைப் பயன்படுத்திக்கொண்டது. பார்த்தவர்கள் அதை வாசற்படி என்றே முடிவுகட்டிவிட்டார்கள். நல்ல நோக்கத்தோடு செய்த விநியோக உத்திதான் அது. அதை ஒரு பொறியியல் உண்மைபோல இருபது ஆண்டுகளாக ஒப்பிக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

லைவ் இமேஜ் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வாதம் தானே உதிர்ந்துவிடும். மொத்த இயங்குதளமும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற முறையில் சுருக்கப்பட்ட ஒரே கோப்பாகப் பென் டிரைவில் இருக்கிறது. படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது. கணினி துவங்கும்போது கெர்னலும், இனிட்ராம்எஃப்எஸ் எனப்படும் சிறு தொடக்கத் தொகுப்பும் முதலில் ரேமுக்கு வருகின்றன. அந்தத் தொகுப்பு பென் டிரைவைத் தேடிப் பிடித்து, சுருக்கிய கோப்பை ஒரு வட்டைப் போலத் திறக்கிறது. அதன்மேல் ரேமில் ஒரு வெற்றடுக்கை விரித்து, இரண்டையும் ஓவர்லேஎஃப்எஸ் மூலம் ஒன்றாகக் காட்டுகிறது. அச்சிட்ட வரைபடத்தின் மேல் கண்ணாடித் தாளை வைத்துக் குறிப்பதுபோலத்தான். நீங்கள் எழுதுவது, மாற்றுவது, அழிப்பது எல்லாம் மேலடுக்கில் மட்டும் நடக்கும். தாளை எடுத்துவிட்டால் வரைபடம் பழையபடியே இருக்கும்.

இது விளையாட்டுச் சாமான் என்பவர்களுக்கு ஒரு செய்தி. ஸ்குவாஷ்எஃப்எஸ் 2009இல் 2.6.29 பதிப்போடு லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. ஓவர்லேஎஃப்எஸ் 2014இல் 3.18 பதிப்போடு சேர்ந்தது. ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடும் ரவுட்டர்களைத் திறந்து பார்த்தால் அடியில் படிக்க மட்டுமேயான ஸ்குவாஷ்எஃப்எஸ், மேலே எழுதும் அடுக்கு என்று இதே அமைப்புத்தான். உபுண்டுவின் ஸ்னாப் ஒவ்வொன்றும் ஒரு ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பு. உலகின் சர்வர்களில் ஓடும் டாக்கர் கன்டெய்னர்கள் ஓவர்லே அடுக்குகளின் மேல்தான் நிற்கின்றன. எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களைக் கையாண்ட செய்தியாளர்கள் நம்பியது டெயில்ஸ் என்ற லைவ் இயங்குதளத்தை. இத்தனை இடங்களில் தாங்கும் ஒரு அமைப்பு பஞ்சாயத்து நூலகத்தின் பழைய கணினியைத் தாங்காது என்று எந்த அடிப்படையில் சொல்கிறோம்?

'பென் டிரைவ் ஆறு மாதத்தில் செத்துவிடும்' என்பதுதான் அதிகம் கேட்கும் ஆட்சேபம். செத்துப்போன பென் டிரைவ்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவை ஏன் செத்தன? பெரும்பாலும் யாரோ ஒருவர் லைவ் முறையை நம்பாமல், ஹார்ட் டிஸ்க்கில் நிறுவுவதைப்போலவே முழு இயங்குதளத்தையும் பென் டிரைவில் நிறுவியிருப்பார். நிறுவப்பட்ட இயங்குதளம் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். பதிவுக் கோப்புகள், கோப்பமைப்பின் ஜர்னல், பிரவுசர் கேஷ், புதுப்பிப்புகள் என்று சின்னச் சின்ன எழுத்துகள் நாள் முழுக்க நடக்கும். பென் டிரைவில் உள்ள ஃபிளாஷ் சில்லுக்கோ சின்ன எழுத்து ஆகாது. அது பக்கம் பக்கமாக எழுதும். அழிக்கும்போது பெரிய தொகுதியாகத்தான் அழிக்கும். நாலு கேபி மாற்றத்துக்குப் பல மடங்கு அழித்து எழுத வேண்டிவரும். எஸ்எஸ்டியில் இந்தத் தேய்மானத்தைப் பரப்பிவிட நல்ல கட்டுப்படுத்தி இருக்கிறது. முந்நூறு ரூபாய்ப் பென் டிரைவில் அதை எதிர்பார்க்க முடியாது.

லைவ் இமேஜ் அடித்தளத்தில் எழுதுவதே இல்லை. படிப்பதால் ஃபிளாஷ் சொல்லத்தக்க அளவில் தேய்வதில்லை. பப்பி லினக்ஸ் பென் டிரைவிலிருந்து ஓடும்போது மாற்றங்களை ரேமில் வைத்துக்கொண்டு, இடைவெளி விட்டுத்தான் சேமிக்கிறது. டைனி கோர் லினக்ஸ் இன்னும் கறாரானது: நீங்கள் குறித்துக்கொடுத்த கோப்புகளை மட்டும் ஒரே பொதியாக்கி, நிறுத்தும்போது ஒருமுறை எழுதும். ஆக, 'பென் டிரைவ் செத்துவிடும்' என்று சொல்பவர் காட்டும் சாட்சியம் முழு நிறுவலுக்கு எதிரானது. அதை லைவ் முறையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சந்தையில் கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் பென் டிரைவ்கள் உண்டு. 64 ஜிபி என்று அட்டையில் போட்டிருக்கும், உள்ளே எட்டுகூட இருக்காது. எஃப்3 என்ற கருவியால் முதலிலேயே சோதித்துக்கொள்ளலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் லினக்ஸைப் பழிப்பவர்கள் நிறைய.

அடுத்தது வேகம். யுஎஸ்பி 2.0 துளை நடைமுறையில் நொடிக்கு 30 எம்பிக்குச் சற்று மேலே தந்தால் அதிகம். பழைய ஹார்ட் டிஸ்க் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு தரும் என்பார்கள். உண்மைதான், ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படித்தால். இயங்குதளம் துவங்கும்போது நடப்பது அதுவல்ல. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்க வேண்டும். நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி எடுக்கிறது. தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால் நொடிக்கு நூறு இடங்களைக்கூடத் தொட முடியாது. பென் டிரைவில் நகரும் பாகமே இல்லை. தரவு சுருங்கியும் இருப்பதால் அந்தக் குறுகிய துளை வழியாக வர வேண்டியதும் குறைகிறது. ரேம் போதுமானதாக இருந்தால் 'டுராம்' என்ற ஒரு சொல்லைத் துவக்க வரியில் சேர்த்து முழு இமேஜையும் ரேமுக்கே கொண்டுவந்துவிடலாம். அதன்பின் பென் டிரைவைப் பிடுங்கி அடுத்த கணினிக்குக் கொண்டுபோகலாம். முதல் கணினி பாட்டுக்கு ஓடும்.

எடை ஏன் குறைய வேண்டும் என்பதற்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. "32 ஜிபி பென் டிரைவ் மலிவாகக் கிடைக்கும்போது யாரய்யா எம்பி எண்ணுவது?" என்று கேட்பவர்கள் இடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். எடைக் குறைப்பு இடத்துக்காகச் செய்வதல்ல. ஒவ்வொரு எம்பியும் அந்தத் துளை வழியாக வர வேண்டும், சுருக்கம் அவிழ வேண்டும், ரேமில் உட்கார வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் தரும் ஆயத்த லைவ் இமேஜ்கள் மேசைச் சூழலோடு மூன்று ஜிபியை ஒட்டி இருக்கின்றன. நாலு ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் அதை முழுதாக ரேமில் வைத்தால் வேலைக்கு இடமிருக்காது. ஒரு ஜிபியை ஒட்டி நிறுத்தினால் அதே லேப்டாப் சுறுசுறுப்பாக ஓடும்.

ஆனால் எங்கே குறைப்பது என்பதில் லினக்ஸ் ஆர்வலர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. எம்பி குறைப்பதை ஒரு பந்தயமாக்கி, வைஃபை சில்லுகளுக்கான ஃபர்ம்வேரைக் கழற்றுகிறார்கள். இனிட்ராம்எஃப்எஸில் தங்கள் கணினிக்கு வேண்டிய மாட்யூல்களை மட்டும் விட்டுவைக்கிறார்கள். தங்கள் மேசையில் அழகாக ஓடும். அடுத்த கணினியில் வைஃபை வராது. சில இடங்களில் துவங்கவே துவங்காது. எந்தக் கணினியில் செருகப்போகிறோம் என்று தெரியாத ஒரு பொருளில் வன்பொருள் ஆதரவுதான் உயிர். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து, கட்டற்றதாக இல்லாத ஃபர்ம்வேரையும் நிறுவல் இமேஜ்களில் சேர்க்க முடிவெடுத்தார்கள். கொள்கையில் எவ்வளவோ கறாரான அவர்களுக்கே இது புரிந்திருக்கிறது. மேசைச் சூழலிலும் யாரும் திறக்காத விளையாட்டுகளிலும் ஐம்பது மொழிக் கோப்புகளிலும் கத்தியை வையுங்கள். ஃபர்ம்வேரைத் தொடாதீர்கள்.

சுருக்கும் முறையிலும் இதே தவறு நடக்கிறது. எக்ஸ்இசட் கொண்டு சுருக்கினால் கோப்பு மிகச் சிறிதாகும், ஆனால் அவிழ்க்கப் பழைய இரட்டை மையச் செயலி திணறும். இசட்-ஸ்டாண்டர்ட் கொஞ்சம் பெரிய கோப்பைத் தரும், பல மடங்கு வேகமாக அவிழும். பழைய கணினிக்காகக் கட்டுகிறோம் என்றால் இரண்டாவதுதான் சரி. அளவில் ஜெயித்து வேகத்தில் தோற்ற இமேஜ்களைப் பார்த்துவிட்டுத்தான் "லைவ் என்றாலே மெதுவு" என்கிறார்கள்.

"ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் லினக்ஸ் வழங்கல்கள் இருக்கின்றன, நீயும் ஒன்று கட்டவேண்டுமா?" என்ற கேள்விக்கு வருகிறேன். இமேஜ் கட்டுவது புதிய வழங்கலைத் தொடங்குவதாகாது. டெபியனின் லைவ்-பில்ட் கருவிக்கு நாம் கொடுப்பது ஒரு தொகுப்புப் பட்டியல், சில அமைப்புக் கோப்புகள், இரண்டொரு சிறு நிரல்கள். எல்லாம் சேர்ந்து சில கேபிதான். மென்பொருள் அத்தனையும் டெபியனின் களஞ்சியத்திலிருந்து, அவர்களுடைய மின்கையொப்பத்தோடு வருகிறது. பரிந்துரைத் தொகுப்புகளைத் தானாக இழுக்காதே என்று ஒரு விருப்பத்தேர்வு கொடுத்தாலே இமேஜ் கணிசமாக இளைத்துவிடும். வேண்டியதை நாம் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். அது நம் பொறுப்பு.

அந்தப் பொறுப்பில்தான் பயன் இருக்கிறது. ஆயத்த இமேஜை ஒரு தமிழ்நாட்டுப் பள்ளியில் போட்டால் என்ன கிடைக்கும்? ஆங்கில மேசை, தமிழில் தட்டச்சு செய்ய எங்கே போவது என்று தெரியாத ஆசிரியர். இணைய இணைப்பு இல்லையென்றால் எதையும் இறக்கிச் சேர்க்கவும் முடியாது. நாமே கட்டும்போது தமிழ் இந்தியா லொக்கேல், நல்ல தமிழ் எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகைக்காக ஐபஸும் எம்17என் தொகுப்பும், லிப்ரே ஆபீசின் எழுதுபகுதியும் அதன் தமிழ் மொழிக் கோப்பும், அச்சுப் பக்கத்தைப் படிக்க டெஸ்ஸராக்ட்டின் தமிழ்த் தரவு, தமிழில் பேச ஈஸ்பீக் என்று எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துவிடலாம். இவை அத்தனையும் டெபியன் களஞ்சியத்தில் இப்போதே இருக்கின்றன. திறந்த நொடியிலேயே தமிழில் எழுதலாம், இணையம் இல்லாமலும். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றுக்காக எந்த நிறுவனமும் எதையும் கட்டித்தரப் போவதில்லை.

இந்த வேலையின் நுணுக்கங்கள் அத்தகைய பழைய கணினிகளில்தான் தெரியவரும். 64 பிட் செயலியும் 32 பிட் யூஇஎஃப்ஐயுமாக வந்த ஆட்டம் வகைச் சிறு கணினிகள் உண்டு. அவற்றுக்கு 32 பிட் துவக்கக் கோப்பு ஒன்றைத் தனியே இமேஜில் வைக்காவிட்டால் பென் டிரைவையே அவை கண்டுகொள்ளா. 32 பிட் மட்டுமே ஓடும் செயலிகளுக்கு 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 கெர்னலும் நிறுவியும் தருவதில்லை. அவற்றுக்கு டைனி கோர் பக்கம் போக வேண்டும். அதன் மேசைப் பதிப்பே சுமார் 23 எம்பிதான்.

2 ஜிபி ரேமில் பத்துத் தாவல்களும் காணொளிக் கூட்டமும் ஓடாது. அதை ஓட்டுவோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்றைய பிரவுசரின் எடையை எந்த இயங்குதளத்தாலும் குறைக்க முடியாது. ரேமின் ஒரு பகுதியைச் சுருக்கிப் பயன்படுத்தும் இசட்ராம் கொஞ்சம் தாங்கும், அவ்வளவே. ஆனால் விண்ணப்பம் நிரப்புவது, கடிதம் தட்டச்சு செய்வது, பாடப்புத்தகத்தின் பிடிஎஃப் படிப்பது, குழந்தைக்குப் பைத்தான் கற்றுக்கொடுப்பது எல்லாம் தாராளமாக நடக்கும். 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0வும் ஏற்கப்பட்ட செயலியும் இல்லாத கணினிகளைக் குப்பை என்று கடைகளில் சொல்கிறார்கள். நன்றாக ஓடும் கணினியைக் குப்பை என்று சொல்லி ஒரு குடும்பத்தை முப்பதாயிரம் ரூபாய்க்குக் கடனாளி ஆக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

'நிறுத்தினால் எல்லாம் மறந்துவிடும்' என்ற குறை எஞ்சுகிறது. பகிரும் கணினிக்கு அது குறையே அல்ல. முந்தையவர் விட்டுப்போன கடவுச்சொல்லும் ஆதார் நகலும் அடுத்தவர் கையில் சிக்காமல் இருப்பது அந்த மறதியால்தான். சேமிக்க வேண்டியவருக்கு நிலைத்த சேமிப்புப் பகுதி உண்டு. அதைப் பூட்டியும் வைக்கலாம். இங்கே பல வழிகாட்டிகள் தவறான பாடம் சொல்லித்தருகின்றன. முழு இயங்குதளத்தின் மாற்றங்களையும் சேமிக்கச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு புதுப்பிப்பும் மேலடுக்கில் குவியும். இடம் நிரம்பும். பின்னால் அடித்தள இமேஜைப் புதிதாக மாற்றினாலும் மேலடுக்கில் உள்ள பழைய கோப்புகள் புதியவற்றை மறைக்கும். தொகுப்புப் பட்டியல் ஒன்றும் உண்மையில் இருப்பது வேறுமாகக் குழம்பும். ஹோம் அடைவை மட்டும் சேமியுங்கள். பயனரின் எழுத்து ஒரு பக்கம், இயங்குதளம் இன்னொரு பக்கம் என்று பிரிந்து நிற்கட்டும்.

இப்படிப் பிரித்துவிட்டால், எதிர்த்தரப்பின் வலுவான ஆட்சேபத்துக்கும் பதில் கிடைக்கிறது. லைவ் இமேஜ் கட்டிய நாளிலேயே உறைந்துவிடுகிறது, பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேர்வதில்லை என்கிறார்கள். ஒரே இமேஜை இரண்டு ஆண்டு ஓட்டினால் அந்தக் குற்றச்சாட்டு முற்றிலும் சரி. அதனால்தான் கட்டும் செய்முறை நம் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். மாதம் ஒருமுறை அதே பட்டியலைக் கொடுத்துக் கட்டளையை ஓட்டினால், அன்றுவரை வந்த திருத்தங்களோடு புதிய இமேஜ் வந்துவிடும். கெர்னல், இனிட்ராம்எஃப்எஸ், ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற மூன்று கோப்புகளைப் பென் டிரைவில் புதிய அடைவு ஒன்றில் நகலெடுத்து, துவக்கப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. பழைய அடைவு அப்படியே இருக்கட்டும். புதியது அந்தக் கணினியில் ஒத்துவரவில்லை என்றால், மறுதொடக்கம் செய்து பழைய வரியைத் தேர்ந்தெடுக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கலாம். இருபது கணினிகள் உள்ள ஆய்வகத்தில் நிறுவிய லினக்ஸோ விண்டோஸோ புதுப்பிப்பின் நடுவில் மின்சாரம் போய்ப் படுத்தால், ஆள் வந்து ஒவ்வொன்றாக எழுப்பும்வரை வகுப்பு நடக்காது. அன்று மாலைக்குள் இருபதையும் பழைய நிலைக்குத் திருப்ப, பூட்டிய அலமாரியில் ஒரு பென் டிரைவைத் தவிர வேறெதுவும் தேவைப்படாத வழி ஒன்று முழு நிறுவலில் இருந்தால், என்னோடு வாதிடுபவர்கள் அதைச் செய்து காட்டட்டும்.